மரத்தைத் துண்டுகளாக நறுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் நின்ற மகோகனி மரம் கடந்த மாதம் வெட்டப்பட்டது. வடிகால் தோண்டியபோது வேர்கள் அறுபட்டு, நிற்கும் வலுவை அது இழந்திருந்ததால், வெட்டியதில் எனக்கு மறுப்பில்லை. 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டியில் பஸ் மீது மரம் விழுந்து பயணிகள் உயிரிழந்ததைக் கொழும்பில் யாரும் மறந்திருக்க முடியாது. என் வருத்தம் வெட்டிய பின் நடந்ததைப் பற்றியது. இருவர் கைகோத்து அணைக்கும் பருமனுள்ள, பத்தடி வரை கிளையே இல்லாத அடிமரத்தை, வந்தவர்கள் அரை மணி நேரத்துக்குள் ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்து, விறகென்று லொறியில் ஏற்றிவிட்டார்கள். பாடசாலையில் நெடுங்காலம் மரவேலை கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அன்று வாள் ஓசை கேட்டு நான் கீழே இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு துண்டைக் கேட்டு வாங்கித் தாழ்வாரத்தில் வைத்தேன். மூன்றாம் நாள் அதன் வெட்டுமுகத்தில் மயிரிழை போல வெடிப்புகள் ஓடின. பத்தாம் நாள் அவற்றில் நகம் நுழைந்தது. மரத்திலுள்ள நீர் பக்கவாட்டில் வெளியேறுவதைவிட நார் ஓடும் திசையில், அதாவது வெட்டுமுகங்களின் வழியே, பல மடங்கு விரைவாக வெளியேறும். முனை காய்ந்து சுருங்கும்போது உட்பகுதி இன்னும் ஈரத்தோடு பருத்தே இருப்பதால் முனை வெடிக்கிறது. எட்டடிக் குற்றியில் இரு முனைகளிலும் அரை அடி வீதம் வெடித்துப் போனாலும் ஏழடி மிஞ்சும். ஒன்றரை அடித் துண்டில் மிஞ்சுவது அரை அடிதான். மிஞ்சிய பெயின்டையோ உருக்கிய மெழுகையோ வெட்டிய அன்றே முனைகளில் பூசினால் அந்த இழப்பும் குறையும். ஆகவே, விறகா பலகையா என்ற தீர்ப்பு குறுக்கே விழும் முதல் வெட்டிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

எல்லா மரத்தையும் பலகைக்கு ஒதுக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. கிளைகள் எவ்வளவு பருமனாக இருந்தாலும் பெரும்பாலும் அடுப்புக்கே உரியவை. வெட்டுமுகத்தில் மரத்தின் நடுப்புள்ளி மையத்தில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், அது பளு தாங்கி வளைந்து வளர்ந்த மரம். அறுத்த பலகை காயும்போது முறுக்கிக்கொள்ளும். சாய்ந்து வளர்ந்த அடிமரத்துக்கும் இதே குறை உண்டு. வைரத்தை, அதாவது அடிமரத்தின் கடினமான உட்பகுதியை, சுற்றியுள்ள வெளிறிய பகுதியில் மாச்சத்து இருப்பதால் வண்டு அதைத்தான் முதலில் துளைக்கும். வீதியோர மரமென்றால் ஆணியையும் பார்க்க வேண்டும். விளம்பரத் தட்டிகளுக்கு அடித்த ஆணிகளை மரம் வளர்ந்து விழுங்கிவிடுவதால், வாள் கெட்டுவிடுமென்று அரிமர ஆலைக்காரர்கள் தயங்குவது நியாயமே. வெட்டுமுகத்தில் நீலக்கருமையான கறை தெரிந்தால் பெரும்பாலும் அருகில் இரும்பு இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் நீக்கினால் போதும்.

கொழும்பின் பழைய வீதிகளுக்குக் குடைபிடிக்கும் தூங்குமூஞ்சி மரத்தை, சிங்களத்தில் மாரா என்பார்கள், வெறும் விறகென்றே பலர் ஒதுக்குகின்றனர். அதன் வைரம் நல்ல கபில நிறம். காயும்போது குறைவாகவே சுருங்குவதால் பச்சையாகவே கடைந்து கிண்ணம் செய்யலாம், அகலமான மேசைப் பலகையும் எடுக்கலாம்.

விறகை நான் இழிவாக எண்ணவில்லை. 2022 இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பும் விறகில்தான் எரிந்தது. ஆனால் அன்றன்று வெட்டிய பச்சை மரம் விறகுக்கும் உதவாது. வெப்பத்தில் ஒரு பங்கு அதிலுள்ள நீரை ஆவியாக்கவே செலவாகி, தீ சரியாகப் பிடிக்காமல் கண்ணைக் கரிக்கும் புகைதான் எழும். பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கிச் சில மாதங்கள் விட வேண்டும். அலரியை மட்டும் அடுப்பில் வைக்கவே கூடாது; அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு.

நானும் ஒருமுறை தவறிழைத்தேன். உறவினர் வளவில் விழுந்த மாமரத்தைப் பலகைக்கென்று ஆசையாக ஒதுக்கிவிட்டு, மழைக்காலத்தில் மூன்று வாரம் மண்மீதே கிடக்க விட்டேன். அறுத்தபோது உள்ளே பூஞ்சணத்தால் நீலம் பாய்ந்திருந்தது. பட்டையோரம் துளைகளிலிருந்து மாவு கொட்டியது. மா போன்ற மரத்தைச் சில நாட்களுக்குள் அறுத்து, பலகைகளுக்கிடையே குச்சிகள் வைத்து அடுக்க முடியாதென்றால், தாமதியாமல் விறகாகப் பிளந்துவிடுவதே மேல்.

பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்டக் கூடாதென்று 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நிற்கும் மரத்துக்கு இந்தக் காவல் இருக்கையில், விழுந்த மரத்தை ஒருவர் நின்று பார்ப்பதற்கேனும் ஒழுங்கு வேண்டாமா? வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உடலாகும் பலாவின் மஞ்சள் வைரம் விறகுக் குவியலில் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

நகரில் மரம் வெட்டும் பொறுப்பிலுள்ளோரிடம் நான் வேண்டுவது இதுதான்: நேரான, பொந்தில்லாத அடிமரத்தை ஆறடிக்குக் குறையாமல் முழுதாக விடுங்கள், வெட்டுவதற்கு முந்திய நாள் அந்த ஒழுங்கையில் குடியிருப்போருக்குச் சொல்லுங்கள். தச்சர் ஒருவரை அழைத்துவர எங்களுக்கு அந்த ஒரு நாள் போதும். மொறட்டுவையில் மரம் தேடும் பட்டறைகளுக்குக் குறைவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மரவேலை ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.