நெல் அறையில் நாயனம்

கும்பகோணம்
ஐப்பசி 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. வரிசையாக நாலு கல்யாணக் கச்சேரி, அதுதான் உடனே எழுத முடியவில்லை. இன்று காலையிலிருந்து மழை விடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பின்கட்டில் மருமகள் வயலினில் வர்ணம் சாதகம் பண்ணுகிறாள். அடுத்த தெருவில் யாரோ வாசிப்பது போல லேசாகத்தான் காதில் விழுகிறது.

பேரன் தவில் கற்க ஆரம்பித்திருக்கிறான், கீழ் வீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் கூரையைத் தட்டுகிறார் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்தேன். அப்புறம் நம் வீட்டு நிலைமையும் போன வருஷம் அப்படித்தானே இருந்தது என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "வாசிக்கிற சத்தம் வெளியே போகாமல் இருக்க என்ன செய்தாய், எவ்வளவு ஆச்சு, விவரமாக எழுது" என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன்.

எங்கள் வீடு உனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். இடது பக்க வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது, கைக்குழந்தையோடு. நல்ல மனிதர்கள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வீட்டுப் பாட்டிதான் ஒருநாள் வாசலில் என்னைப் பிடித்து, "விடியற்காலையில் உங்க மல்லாரி கேட்டா சாமி புறப்பாடுன்னு நினைச்சு எழுந்து வாசலுக்கு வந்துடறேன், தெருவில் சாமியைக் காணோம்" என்றார். அதைவிட நாசூக்காக யாரும் புகார் சொல்ல முடியாது.

அதே சமயம் என் இடது காதில் இரைச்சலும் ஆரம்பித்தது. காது டாக்டர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். 85 டெசிபெல் சத்தத்தை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாமாம். அதற்குமேல் மூன்று மூன்று டெசிபெல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகக் குறையும். நூறு டெசிபெல் என்றால் வெறும் கால் மணி நேரம். வீட்டுக்கு வந்து என் பையன் தவிலின் வலந்தலையில், அதாவது வலது பக்கத்தில், வாசிக்கும்போது செல்போனில் அளந்து பார்த்தோம். நூறைத் தாண்டி நின்றது. நாற்பது வருஷம் என் இடது பக்கத்தில் நின்று வாசித்தவன் நீ, மாப்பிள்ளை. இந்த இரைச்சலில் உனக்கும் பங்கு உண்டு.

ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, எல்லாரும் வீட்டில்தான் இருந்தோம். பின்கட்டில் பழைய நெல் அறையைக் காலி பண்ணினோம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. சதுரமாக, அழகாக இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். முதல் காரியமாக முட்டைக் கடையில் அட்டைகளை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். யாரைக் கேட்டாலும் அதைத்தானே சொல்கிறார்கள்! இரண்டு நாள் வேலை. பாட்டி வீட்டில் போய் நின்று கேட்டால் தவில் முன்பு மாதிரியேதான் கேட்டது. பல்லிகளுக்குத்தான் நல்ல குடித்தனம் அமைந்தது. அதோடு, தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் சாமான் அது. எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் லீவில் வந்தான். அவன் சொன்ன பிறகுதான் நான் இரண்டு வேறு வேலையை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தது புரிந்தது. சத்தம் வெளியே போகாமல் தடுப்பது ஒன்று. உள்ளே இருக்கும் சத்தத்தைப் பக்குவப்படுத்துவது வேறொன்று. பஞ்சு, மெத்தை, திரை எல்லாம் இரண்டாவது வேலைக்குத்தான். முதல் வேலைக்குக் கனம் வேண்டும், நடுவில் காற்று இடைவெளி வேண்டும், ஓட்டை இருக்கக் கூடாது.

அப்புறம் அவன் அறையின் மூலையில் என்னை நிற்க வைத்துத் தவிலின் இடது பக்கம், அந்தத் தொப்பியில், ஒரு தட்டுத் தட்டச் சொன்னான். கும்மென்று உப்பியது. அறை நடுவில் வந்து நின்றேன், அதே தட்டு காணாமல் போயிற்று. சுவருக்குச் சுவர் பன்னிரண்டு அடி என்றால் சுமார் 47 ஹெர்ட்ஸ் சுரமும் அதன் மடங்குகளும் அந்த அறையில் தங்கி நின்று அதிருமாம். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் அதே சுரம் இரண்டு திசையிலும் சேர்ந்து வீங்குகிறது. சதுர அறை இசைக்கு ஆகாது என்றான். நான் சந்தோஷப்பட்டதெல்லாம் வீண்.

அதற்கு அவன் சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. பொதுச்சுவரிலிருந்து இரண்டேகால் அடி தள்ளி ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்று எழுப்பினோம். அறை பன்னிரண்டுக்கு ஒன்பதாகச் சுருங்கிற்று, சதுரம் ஒழிந்தது. இரண்டு சுவருக்கும் நடுவில் கிடைத்த சந்தில் வாத்தியங்களை வைத்துக்கொள்கிறோம். பாட்டி வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே இப்போது இரட்டைச் சுவர்.

கதவுதான் ஏமாற்றியது. தேக்குக் கதவு, கனமானது, இதைத் தாண்டி என்ன போகும் என்று நினைத்தேன். அடியில் ஒரு விரல் சந்து இருந்தது. அவ்வளவு செலவு பண்ணிக் கட்டிய சுவரை அந்த விரல் சந்து ஏளனம் பண்ணிற்று. நிலையைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் ஒரு வாசற்படி. ஜன்னலுக்கு 5 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்று, 8 மில்லிமீட்டர் ஒன்று, நடுவில் நாலு அங்குலம். இரண்டும் ஒரே கனமாக இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் அதிரும் என்பதால் அப்படி.

எல்லாச் சந்துகளையும் அடைத்துவிட்டு நானும் பேத்தியும் உள்ளே ஒரு மணி நேரம் வாசித்தோம். எனக்குத் தலை சுற்றியது. மூச்சு வாத்தியக்காரனைக் காற்றுப் போகாத பெட்டியில் அடைத்தால் வேறு என்ன ஆகும்! பிறகு கூரை ஓரமாக மூன்று மடிப்பு வளைந்த காற்றுக் குழாய் ஒன்று வைத்தோம். உள்பக்கம் பஞ்சு ஒட்டியது. வளைந்து வளைந்து போவதால் காற்று வரும், சத்தம் அங்கங்கே மோதித் தேய்ந்துவிடும். நீ எதை விட்டாலும் இதை விடாதே.

ஏ.சி.யும் உண்டு, ஆனால் நேராக நம் மேல் வீசக் கூடாது. நாயனத்தின் வாயில் வைத்து ஊதும் சீவாளி காய்ந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரப்பதம் காட்டும் சின்னக் கடிகாரம் ஒன்று மாட்டியிருக்கிறேன். முள் ஐம்பது, அறுபதுக்குள் நின்றால் சீவாளியும் படிகிறது, தவில் தோலும் முரண்டு பிடிப்பதில்லை, வயலின்காரியும் திட்டுவதில்லை.

இனிமேல்தான் நான் செய்த பெரிய தப்பு. உள்ளே எதிரொலியே இருக்கக் கூடாது என்று நாலு சுவரிலும் இலவம்பஞ்சு மெத்தை, மேலே ஜமக்காளம், தரையில் கயிற்றுப் பாய், அதன்மேல் இன்னொரு ஜமக்காளம். உள்ளே போனால் காது அடைத்த மாதிரி இருந்தது. பேத்தி பாரி நாயனத்தில், நீளமாகத் தணிந்த சுருதியில் பேசுகிற அதில், தோடி ராகம் பிடித்தாள். ஊதிய நாதம் வாயைவிட்டு ஓரடி தாண்டியதும் செத்து விழுந்தது. தான் வாசிப்பது அவளுக்கே போதவில்லை. இன்னும் அழுத்தி ஊதினாள், இன்னும் அழுத்தினாள். மூன்றாம் நாள் உதடு வெடித்து ரத்தம். "தாத்தா, இந்த ரூம் என்னோட பேசவே மாட்டேங்குது" என்றாள்.

மாப்பிள்ளை, நாம் எங்கே சாதகம் பண்ணினோம்? நாலரை மணிக்கு அரசலாற்றுக் கரையில். ஊதினால் நாதம் தண்ணீர்மேல் போய் அக்கரை மரங்களைத் தொட்டுத் திரும்பும். இல்லாவிட்டால் கோயில் பிராகாரம். கருங்கல் தூணும் கல் தரையும் கொடுக்கிற பதிலைக் கேட்டுத்தானே கமகத்தை எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது என்று கற்றுக்கொண்டோம். சுருதிக்கு ஒத்து ஊதிக்கொண்டு வாத்தியார் பின்னால் நின்ற காலத்தில் எனக்குப் பாதிப் பாடம் சொன்னது அந்தக் கல்தான். அந்தப் பதிலை நான் பேத்திக்கு மெத்தை போட்டு அடைத்துவிட்டேன்.

மறுநாளே பாதியைக் கழற்றினேன். வாசிப்பவருக்கு எதிர்ச் சுவர் வெறும் சுண்ணாம்புப் பூச்சு, அதில் ஒன்றும் கிடையாது. அதற்கு நேர் எதிரே, முதுகுப் பக்கம், புத்தகமும் பழைய நோட்டுகளும் ஏற்றத்தாழ்வாக அடுக்கிய அலமாரி. இரண்டு மூலையில் மட்டும் தரையிலிருந்து கூரை வரை பஞ்சு மூட்டை, தொப்பியின் உப்பலுக்கு. பக்கச் சுவரில் கம்பியில் ஓடுகிற கனத்த திரை. தவில் என்றால் இழுத்து மூடுவோம், வயலினோ வாய்ப்பாட்டோ என்றால் திறந்துவிடுவோம். நடுவில் நின்று ஒரு கைதட்டுத் தட்டிப் பார். 'டர்ர்' என்று பல்லி கத்துவது போல் வந்தால் இரண்டு வெற்றுச் சுவர் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்போது எங்களுக்கு அது இல்லை, சின்னதாக ஒரு வாலோடு நின்றுவிடுகிறது.

குட்டையாக, உச்சச் சுருதியில் பேசுகிற திமிரி நாயனத்தை உள்ளே அனுமதிப்பதில்லை, அது தெருவுக்கு. நாயன மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை பாரியைக் கொண்டுவந்திராவிட்டால் இந்த அறைக்கே வழியில்லை என்று தோன்றுகிறது. வீட்டுக்குள்ளும் உட்கார்ந்து வாசிக்கிற நாதம் அதில்தானே இருக்கிறது.

வேலை முடிந்ததும் பாட்டி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். நாயனம் சுத்தமாக இல்லை. தவில் மட்டும், தூரத்தில் யாரோ அரிசி இடிப்பது போல. அந்த அடிச்சத்தத்தை முழுசாக நிறுத்துவது ரொம்பக் கஷ்டமாம். பாட்டிக்கு அது போதும். ஆனால் மல்லாரி கேட்கவில்லையே என்று இப்போது கொஞ்சம் வருத்தப்படுகிறார்! மொத்தச் செலவு இரண்டே முக்கால் லட்சம், பாதி சுவருக்கும் ஜன்னலுக்கும் போயிற்று.

உனக்கு இதெல்லாம் வேண்டாம். நாலாவது மாடியில் செங்கல் சுவர் எழுப்பக் கூடாது, பாரம் தாங்காது. கீழ் வீட்டுக்காரருக்குப் போவது காற்று வழியாகப் போவதைவிடத் தரை வழியாகப் போகிற அதிர்வுதான். கனத்த ரப்பர் துண்டுகள் மேல் ஒரு பிளைவுட் பலகை, பலகை எந்தச் சுவரையும் தொடாமல் இருக்க வேண்டும், அதன்மேல் கயிற்றுப் பாய், பையன் அதில் உட்காரட்டும். அப்புறம், அவனுக்கு இப்போதே தவில் எதற்கு? வாத்தியார் உனக்கு முதலில் கொடுத்தது மரக்கட்டைதானே. ஒரு வருஷம் கட்டையில் கை பழகட்டும். மாலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளச் சொல். தீபாவளிக்குக் கீழ் வீட்டுக்கு ஒரு டப்பா பலகாரம் கொடுத்துவிடு, அது ரப்பரைவிட நன்றாக வேலை செய்யும்.

ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். நெல் அறைப் பரணைப் பிரித்தபோது குறுக்கே ஓர் உத்தரம் கிடைத்தது. கறுத்து, கல்மாதிரி கனத்தது. ஆச்சா மரம்! பழைய வீட்டு மரத்தைத் தேடித்தானே நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டை ஆசாரிகள் அலைகிறார்கள். வண்டியில் ஏற்றி, ஆடுதுறை தாண்டி அங்கே கொண்டு போனேன். அந்த ஊர் நாயனத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் பட்டறை அதே பழைய பட்டறைதான். ஆசாரி உத்தரத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு மூலையைச் செதுக்கி முகர்ந்து பார்த்தார். "பாதி ஆணி தின்னுடுச்சு. இந்த முனையில ஒரு பாரி வரும், சத்தியமா வரும்" என்றார். தை பிறந்து வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். பேத்திக்கு இப்போதே தூக்கம் போயிற்று. மதுரைப் பொன்னுத்தாய் வாசித்த வாத்தியம், இவளுக்கு மட்டும் வராதா என்ன.

உன் தவில் பீரோ மேல் துணி சுற்றிக் கிடக்கிறது, கீழே எடுத்தே இரண்டு வருஷம் ஆச்சு என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அதற்கு நான் ஒன்றும் பதில் எழுதப் போவதில்லை. தைப் பொங்கல் கழிந்து நாலு நாள் இங்கே வந்து தங்கு. பெட்டியில் வேட்டி, துண்டு, உன் மாத்திரை போதும். தவிலைத் தூக்கிக்கொண்டு வராதே, பையனுடையது இருக்கிறது. தவில் வாசிக்க விரலில் மாட்டும் கூட்டை மட்டும் மறக்காமல் எடுத்து வா, அவன் கூடு உன் விரலுக்குச் சேராது.

உன் பழைய ஒத்துக்காரன்