தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை டெங்கு தடுப்புப் பணிக்காக இரண்டு பெண்கள் நம் பள்ளிக்கு வந்தார்கள். மஸ்தூர் என்பது அவர்களின் வேலைப் பெயர். ஊரில் பலருக்கு 'கொசு மருந்து அம்மா'. கை கழுவும் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். "வெள்ளிக்கிழமைதான் தண்ணீர் மாற்றினோம், கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. ஒருவர் கைபேசி விளக்கை உள்ளே அடித்தார். நூல் துணுக்குகளைப் போல நெளிந்துகொண்டு கொசுப்புழுக்கள் அடிக்கு இறங்கின.

"தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது சார். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். தேங்காய் நார் வைத்துத் தேய்க்க வேண்டும்" என்றார்.

ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவன் நான். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டும் முட்டைகள் தொட்டி காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் ஏறியதும் பொரிக்கும் என்பதும் படித்ததுதான். பள்ளித் தொட்டியைப் பார்த்தபோது அது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

சில தெருக்களில் கதவே திறப்பதில்லை என்று அந்த அம்மாள் வருத்தப்பட்டார். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர், சர்க்கரை பார்க்க வருபவருக்கு நாற்காலி போடுகிறோம். இவர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறோம். எந்த மாடியில் பழைய டயர் கிடக்கிறது, யார் வீட்டு ஃபிரிட்ஜின் பின்தட்டில் தண்ணீர் தேங்குகிறது, எந்தப் பிள்ளை இரண்டு நாளாகக் காய்ச்சலில் படுத்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் காய்ச்சல் செய்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால், அடுத்த வீட்டுப் பிள்ளை தப்பிக்க வழி உண்டு.

முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வெள்ளிக்கிழமைதோறும் பள்ளித் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவ ஏற்பாடு செய்திருக்கிறோம். (பிள்ளைகளை அதில் இறக்கவில்லை, அந்தக் கவலை வேண்டாம்.) வீட்டிலும் அதே நாளில் டிரம், குடம், ஆட்டுக்கல் குழி எல்லாவற்றையும் ஒரு கை பாருங்கள்.

காய்ச்சல் உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். விடுப்புக் கடிதம் பிறகு வரட்டும். மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவு கூடிவிடும். மூன்றாம் நான்காம் நாளில் காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடுகிறோம். டெங்குவில் பயப்பட வேண்டிய கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், பிள்ளை துவண்டு கிடப்பது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வரும் திங்கள்கிழமை மஸ்தூர்கள் வீட்டுத் தொட்டிகளைப் பார்க்க வடக்குத் தெருவில் தொடங்குகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போங்கள். வெயிலில் நடந்து வருகிறார்கள்; ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்