கலை வகுப்புக்கு உரிய இடம் கொடுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறை அமைச்சர், செயலாளர், இயக்குநர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வட்டாரத்தில் நடந்த கலைத் திருவிழாப் போட்டியில், அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் மாணவி ஒருத்தி நீர்வண்ண ஓவியத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். பென்சிலால் அவள் வரைந்த ஏரிக்கரையும் பனைமரங்களும் அத்தனை நேர்த்தியாக இருந்தன. வண்ணம் தீட்டத் தொடங்கியதும், தூரிகையில் எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று தெரியாமல், முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் பூசினாள். வானமும் ஏரியும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்தன, அழுத்தித் தேய்த்த இடத்தில் தாள் நைந்து கிழிந்தது. அதற்கு முன் அவள் நீர்வண்ணத் தூரிகையைத் தொட்டதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. பரிசு பெற்ற பிள்ளைகளில் சிலர் வெளியே கட்டணம் செலுத்திக் கற்றுக்கொண்டவர்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. கற்றுக்கொடுக்காத ஒன்றில் அந்த மாணவியைப் போட்டிக்கு நிறுத்தினோமே என்பதுதான் வருத்தம்.

2022-23ஆம் கல்வியாண்டில் கலைத் திருவிழாவைத் தொடங்கியதற்காகத் துறையைப் பாராட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால், திருவிழாவுக்கு முந்தைய சில நாள் ஒத்திகை ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய வகுப்புக்கு ஈடாகாது. ஓவியம், இசை, உடற்கல்வி, தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை, வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய் என்று நியமித்த வரலாறு தாங்கள் அறிந்ததே. அதன் பிறகு ஊதியம் கூடியிருக்கிறது. பகுதிநேரத்தில் ஒரு பள்ளியின் எல்லா வகுப்புகளுக்கும் எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தச் சிறிது நேரத்திலும், தேர்வு நெருங்கினால், ஓவியப் பாடவேளை கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடுகிறது. தேர்ச்சி விழுக்காட்டுக்கு மட்டுமே கணக்குக் கேட்கப்படும் தலைமையாசிரியரை இதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே, கலையை மற்றப் பாடங்களுக்கு இணையான பாடமாக்குங்கள் என்பதே என் கோரிக்கை. நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் நடுநிலை வகுப்புகளுக்குக் பகுதிநேரக் கலைக் கல்விப் பயிற்றுநர் வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. சட்டம் கேட்கும் குறைந்த அளவோடு நாம் ஏன் நின்றுவிட வேண்டும்? தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் இருக்கும் செய்யாறு வட்டாரம் எங்களுடையது. கட்டை எனும் மர அணிகளைக் கட்டி, அரிதாரம் பூசி, விடிய விடிய அடவு போட்டு ஆடுபவர்களும் முகவீணை என்ற ஊதுகருவியை வாசிப்பவர்களும் பள்ளிக்கு அருகிலேயே வாழ்கிறார்கள். அவர்களுடைய கலை அவர்கள் பிள்ளைகளின் கால அட்டவணையில் இல்லை. பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பாட்டும் நடனமும் கல்வியின் பகுதி. கூலி வேலைக்குப் போகிறவர் பிள்ளைக்கு மட்டும் அவை எப்படி ஐயா தேவையற்றவை ஆகின்றன? இதைக் கேட்கும்போது சொல்லில் சூடு ஏறுவதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வரும் கல்வியாண்டு முதல், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை வாரத்துக்கு இரண்டு கலைப் பாடவேளைகளையாவது வேறு பாடத்துக்கு மாற்றக் கூடாது என்ற ஆணையோடு ஒதுக்குங்கள். உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுநேரக் கலை ஆசிரியரை நியமியுங்கள். இத்தனை ஆண்டுகளாகப் பகுதிநேரமாக உழைப்பவர்களுக்கு அதில் முன்னுரிமை தாருங்கள். தாளும் வண்ணமும் தூரிகையும் ஆசிரியரின் சொந்தக் காசில் வாங்கப்படாமல், பாடநூலைப் போலவே ஜூன் மாதத்தில் பள்ளிக்கு வந்து சேர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி மாணவர் ஒருவரின் தந்தை,
செய்யாறு வட்டம், திருவண்ணாமலை மாவட்டம்.