பூஞ்சாணம் என்றாலே நோய்தானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வேளாண் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறேன். பூஞ்சாணம் என்ற சொல் வந்தாலே குலைநோய், இலையுறை அழுகல், எந்த மருந்தை எவ்வளவு அடிப்பது, இவ்வளவுதான் வருகிறது. வேருக்குள் குடியிருந்து பயிருக்குச் சோறு போடும் பூஞ்சாணத்தைப் பற்றி நான் ஒரு வரிகூடப் பார்த்ததில்லை.

வேர் உட்பூசணத்தைத்தான் சொல்கிறேன், கடையில் வேம் (VAM) என்று கேட்டால் தருவார்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் லேசில் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சிவிட்டால் அப்புறம் பட்டினிதான், ஒரு விரல்கடை தள்ளி எவ்வளவு கிடந்தாலும் எட்டாது. பூசணம் தலைமுடியைவிட மெல்லிய இழைகளை அதையும் தாண்டி விட்டு, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவந்து வேரின் செல்லுக்குள்ளேயே இறக்குகிறது, கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கிறது. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் குடும்பத்தை விட்டுவிட்டால் நாம் போடும் பயிர்களில் பெரும்பாலானவை இப்படித்தான். காட்டில் நிழலில் வளரும் சில ஆர்க்கிட் செடிகள், இலை பச்சையாக இருந்தும், சர்க்கரையிலேயே ஒரு பங்கைப் பூஞ்சாணத்திடம் வாங்கிக்கொள்கின்றன என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

நான் நீடாமங்கலம் பக்கம் விவசாயம் செய்கிறேன். கத்தரி நாற்றங்காலில் ஒரு பாத்திக்கு மட்டும் சதுர மீட்டருக்கு 100 கிராம் கணக்கில், விதைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் வேம் போட்டேன். பிடுங்கும்போது அந்தப் பாத்தி நாற்றில் மண் வேரை விடாமல் தாடி மாதிரி தொங்கியது, மற்றதில் உதறியதும் கொட்டிவிட்டது. அடுத்த வருடம் வேறொரு கடையில் வாங்கியது தேதி தாண்டி வெயிலில் கிடந்த பொட்டலம், ஒரு வித்தியாசமும் இல்லை. விற்றவருக்கே அதில் உயிர் இருக்கிறது என்று தெரியவில்லை, அதுதான் வருத்தம்.

நமக்கு இது இன்னும் முக்கியம். சம்பாவுக்கு மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் வயலில் காற்றில்லாமல் இந்தப் பூசணம் குறைந்துபோகிறது, அறுப்புக்கு முன் மண் மெழுகு பதத்தில் ஈரமாக இருக்கும்போது தெளிக்கும் உளுந்து அந்த மண்ணில்தான் வேர் விடுகிறது. உளுந்தின் வேர் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடிப்பதற்கும் மணிச்சத்து வேண்டும். அதற்காக மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தை அள்ளிக் கொட்டினால் செடி பூசணத்தை உள்ளே விடுவதைக் குறைத்துக்கொள்கிறது, இதையும் யாரும் சொல்வதில்லை.

தைக்கு முன்னால் ஒரு முழுப் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். நல்ல பொட்டலத்தை எப்படிப் பார்த்து வாங்குவது, நெல்லுக்குப் பின் உளுந்து வரும் நெல் தரிசில் எப்படிப் போடுவது என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, திருவாரூர் மாவட்டம்