கதம்ப லேசர் நம்ம லைனுக்கு எப்போ வரும்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் பணம் கட்ட வந்தவர்களில் சிலர் கேட்டீர்கள்: "ஒரே சிப்புல பல கலர் லேசர் வருதாமே, நம்ம பாக்ஸை மாத்தணுமா?" கடையில் கூட்டம். அரைகுறையாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மாற்ற வேண்டாம். உங்கள் வீட்டு ஃபைபரில் இப்போதே இரண்டு நிறம் ஓடுகிறது. எங்களிடமிருந்து வருவது 1490 நானோமீட்டர், உங்களிடமிருந்து போவது 1310. இது ஒளி அலையின் நீளம்; நிறத்துக்கு நிறம் மாறும். ஒரே இழைதான், மோதிக்கொள்ளாது. இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. கடைப் பையன் பேனா மாதிரி ஒன்றை வைத்துச் சிவப்பு வெளிச்சம் அடிப்பானே, அது இழை எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க. சத்துவாச்சாரியில் ஒரு அம்மா, "சிவப்பு வந்துடுச்சு, நெட் வரலையே தம்பி" என்று அவனை விடவே இல்லை.

ஊர்விட்டு ஊர் போகும் பெரிய லைனில் 1530 முதல் 1565 வரை பல நிறங்களை நெருக்கி அனுப்புவார்கள். கதம்பம் மாதிரி: நார் ஒன்று, பூ பல. ஆனால் வழக்கமாக ஒரு நிறத்துக்கு ஒரு லேசர் வேண்டும். அது ஒரு டிகிரி சூடேறினால் நிறம் சுமார் 0.1 நானோமீட்டர் நகரும். அடுத்த நிறம் பெரும்பாலும் 0.8 தள்ளித்தான் இருக்கிறது. நம்ம கத்திரி வெயிலில் என்ன ஆகும்! அதனால் ஒவ்வொரு லேசரையும் ஒரே சூட்டில் பிடித்து வைக்கவே தனி ஏற்பாடு, தனி கரண்ட்.

புது சிப்பில் சிலிக்கான் நைட்ரைடு என்ற பொருளால் ஆன பொடி வளையம் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரே ஒரு லேசரின் ஒளியைச் சுற்றவிடுவார்கள். சுற்றிச் சுற்றி ஒளி அடர்ந்ததும் பக்கத்திலேயே இன்னொரு நிறம் முளைக்கும், அதை ஒட்டி இன்னொன்று. வளையத்தின் சுற்றளவுக்குள் முழு அலைகளாகப் பொருந்துபவை மட்டுமே தங்கும். அதனால் சீப்புப் பல் போல சம இடைவெளி. இந்த ஒளிச் சீப்பு வித்தைக்காக ஜான் ஹாலும் தியோடர் ஹென்ஷும் 2005இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அவர்கள் காலத்தில் மேசை நிறையக் கருவி. இப்போது அதை நகத்தளவு சிப்பில் அடக்கப் பார்க்கிறார்கள்.

இதற்கு முதல் கிராக்கி டேட்டா சென்டர்களில்தான். இதைச் சொல்லி யாராவது புது மோடம் விற்க வந்தால், நானே வந்தாலும், காசு கொடுக்காதீர்கள். நெட் மெதுவாக இருந்தால் முதலில் பாக்ஸை இரும்பு பீரோவுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள்.

இன்னொன்று. அறுந்த இழையின் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். தெரியாத ஒளிக்குக் கண் தானாக மூடிக்கொள்ளாது. பிள்ளைகளைத் தொடவிடாமல், கடைக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இண்டர்நெட் கடைக்காரர்,
காட்பாடி