தந்தைமை டிஎன்ஏ விசிட்: கோடிங் கவனத்துக்கு

குழு நண்பர்களுக்கு,

அமெரிக்காவில் பில்லிங்குக்கான நோய்க்காரணக் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் தந்தைமைப் பரிசோதனைக்கான கோடு (குறியீட்டு எண்) இசட்02.81. முதல் டயக்னோசிஸாக அதுதான் வர வேண்டும். இசட்02.8 என்று நிறுத்தினால் இலக்கம் குறைகிறது, கிளெய்ம் (கட்டணக் கோரிக்கை) திரும்பிவிடும். பக்கத்திலேயே இருக்கும் இசட்02.82 தத்தெடுப்புக்கு, இசட்02.83 ரத்தத்தில் மது, போதைப்பொருள் பார்ப்பதற்கு. டிராப்டவுனில் அவசரமாகத் தேர்ந்தெடுக்கும்போது விரல் அங்கே போய்விடுகிறது.

தாய், குழந்தை, தந்தை எனக் கருதப்படுபவர் மூவருக்கும் தனித்தனி சார்ட், ஒவ்வொன்றிலும் தனியாக இதே கோடு. ஒருவர் சார்ட்டில் மற்றவரின் பெயரோ முடிவோ வரவே கூடாது. இதில் தளர்வு வேண்டாம்.

கன்னத்தின் உட்புறம் ஸ்வாப் (பஞ்சுக் குச்சி மாதிரி) மட்டும் எடுத்தால் 36415 என்ற சேவைக் கோடு போடாதீர்கள், அது சிரை ரத்தம் எடுப்பதற்கு. மருத்துவர் பரிசோதித்ததாகக் குறிப்பில் இல்லையென்றால், மருத்துவர் விசிட்டுக்கான 99213-ம் கிடையாது. சட்டத் தேவைக்கான பரிசோதனையை இன்சூரன்ஸ் பொதுவாக ஏற்பதில்லை. கட்டணப் பொறுப்பு யாருடையது என்ற கையெழுத்தை மாதிரி எடுப்பதற்கு முன்பே வாங்குங்கள்.

கோர்ட்டுக்குப் போகும் கேஸ் என்றால் கோடிங்கைவிட ஆவணம்தான் முக்கியம். புகைப்பட அடையாள அட்டை, அன்று எடுத்த படம், சம்மதக் கையெழுத்து, எடுத்தவர் பெயர், தேதி, நேரம், சீல் எல்லாம் இருக்க வேண்டும். மாதிரி கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்து விழ வேண்டும். ஒன்று விடுபட்டாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும். ஸ்வாபை உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிக் கிருமி வளர்ந்து டிஎன்ஏ சிதையும்.

சமீபத்தில் ரத்தம் ஏற்றியதா, எலும்பு மஜ்ஜை மாற்று நடந்ததா, தந்தை எனக் கருதப்படுபவருக்கு ஒரே கரு இரட்டையர் உண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் படிவத்தில் இருக்கட்டும். முடிவையே புரட்டக்கூடியவை இவை.