3 மில்லிமீட்டர் தண்ணீர்

அன்புள்ள சுடர்,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "காலையில் கூப்பிட்டுப் பேசிக்கொள், இப்போது படு" என்றார் அப்பா. போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நீ சொன்னது ஒன்றும் எனக்கு மறக்கவில்லை. மருத்துவ இயற்பியல் இன்டர்ன்ஷிப் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. பகல் முழுக்க லினாக்கில், புற்றுக்குக் கதிர் கொடுக்கும் அந்த மெஷினில், நோயாளிகள். கடைசி ஆள் இறங்கிப் போன பிறகு, ஒன்பது மணிக்கு மேல்தான் மெஷின் உங்கள் கைக்கு வருகிறது. தொட்டியைத் தூக்கி வைத்து, உடம்புக்குப் பதிலாகத் தண்ணீர் நிரப்பி, ரசமட்டம் பார்த்து, கதிரை அளக்கும் சேம்பரை 10 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்தி, மெஷின் எவ்வளவு கதிர் தருகிறது என்ற அவுட்புட்டை எடுத்தாய். 1.4 சதவீதம் குறைவாக வந்தது. மாதாந்தரச் சோதனைக்கு வரம்பு 2 சதவீதம், அதற்குள்தானே இருக்கிறது என்று ரெஜிஸ்டரில் எழுதப் போனாய். உன் சீனியர் "மறுபடி எடு" என்றார். எடுத்தாய், அதேதான் வந்தது. "எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து வை" என்றார். மூன்றாவது தடவைதான் தெரிந்தது, தண்ணீர் மட்டம் 3 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது. ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது மணி பன்னிரண்டு.

"ஐந்து வருஷம் இயற்பியல் படித்துவிட்டு ராத்திரியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்" என்றாய். வராந்தாவில் ஒரு அம்மா "நீங்க டாக்டரா, நர்ஸா?" என்று கேட்டதையும், இரண்டும் இல்லை என்றதும் அவர் பேச்சை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடிப் போனதையும் சொன்னாய். மாமா பையன் அவன் ஐடி கம்பெனியில் சொல்லி வைக்கிறேன் என்றானாம், போகட்டுமா என்று கேட்டாய்.

முதலில் அந்த 3 மில்லிமீட்டர். தொட்டியில் தண்ணீர் கூடியிருக்கிறது என்று உன் சீனியருக்கும் தெரிந்திருக்காது. போன மாதம் 0.2 காட்டிய மெஷின் இந்த மாதம் 1.4 காட்டுகிறது, நடுவில் ரிப்பேர் ஒன்றும் இல்லை, அப்படியானால் ஏன் இந்தத் தாவல்? இவ்வளவுதான் அவர் மனதில் ஓடியிருக்கும். உன் மெஷினின் 6 எம்வி கதிர் தண்ணீரில் அந்த ஆழத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட அரை சதவீதம் குறையும். நீயே பரீட்சையில் எழுதியிருப்பாய். 3 மில்லிமீட்டருக்கு 1.4 என்றால் கணக்குச் சரியாக விழுகிறது. நீ முதலில் நினைத்தபடி எழுதி, அவுட்புட் குறைகிறது என்று மெஷினையும் திருத்தியிருந்தால், சரியாக இருந்த மெஷினை நீயே கெடுத்திருப்பாய்.

உனக்கு இதுவரை சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். 1992. நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். எங்கள் காலத்தில் இந்த 12 மாத இன்டர்ன்ஷிப் எல்லாம் கிடையாது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கதிரியல் இயற்பியல் டிப்ளமோ ஒரு வருஷம் படித்து, சான்றிதழ் கைக்கு வந்த மாதமே, கதிர் சிகிச்சை கொடுக்கும் கோபால்ட் மெஷின் முன்னால் போய் நின்றேன். 1962 முதல் நடக்கும் படிப்பு அது. சொல்லிக்கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆஸ்பத்திரி என்பது வேறு இடம்.

அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை நான் மட்டும் அவுட்புட் எடுத்துக்கொண்டிருந்தேன். சேம்பருக்குள் இருப்பது வெளிக்காற்றுதான் என்பதால் வெப்பமும் அழுத்தமும் பார்த்துத் திருத்தம் போட வேண்டும் இல்லையா? எங்கள் பாதரச பாரோமீட்டர் முந்தின வாரம்தான் உடைந்திருந்தது. நான் புத்திசாலித்தனமாக விமான நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். 1012 மில்லிபார் என்றார்கள். அதைப் போட்டுக் கணக்குப் பண்ணினேன். அவுட்புட் குறைந்திருந்தது. ராத்திரி உட்கார்ந்து திங்கட்கிழமைக்கான புது நேர அட்டவணையை அழகாகத் தயார் பண்ணிவிட்டேன். எல்லோருக்கும் சிகிச்சை நேரம் கூடியிருந்தது.

திங்கள் காலையில் எங்கள் சார் அதை வாங்கிப் பார்த்தார். "போன மாதத்துக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்?" என்றார். கிட்டத்தட்ட 6 சதவீதம் என்றேன். "கோபால்ட்டின் அரை ஆயுள் எவ்வளவு?" 5.27 வருஷம். "அப்படியானால் மாதத்துக்கு?" 1.1 சதவீதம் என்று சொல்லும்போதே எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. மீதி 5 சதவீதம் எங்கே போனது? "அழுத்தம் எங்கிருந்து எடுத்தாய்?" என்று அடுத்துக் கேட்டார். விமானங்களுக்குச் சொல்வது கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். எங்கள் அறையில் உண்மையில் இருந்தது 966-ஐ ஒட்டி. சார் கோபப்படவில்லை. சிகிச்சையை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டார், பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்திலிருந்து ஒரு பாரோமீட்டர் வரவழைத்தார், என்னையே மறுபடி அளக்கச் சொன்னார். வெளியே பெஞ்சில் நோயாளிகள் சோற்றுப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். என் அட்டவணைப்படி போயிருந்தால் அன்றிலிருந்து அத்தனை பேருக்கும் 5 சதவீதம் கூடுதல் டோஸ். இன்றைக்கும் அந்த பெஞ்சு என் கண்ணில் நிற்கிறது.

நம் வேலையில் எனக்கு மிகவும் பயமான இடம் இதுதான், சுடர். டாக்டர் ஒரு நோயாளிக்குத் தவறு செய்தால் அது அந்த நோயாளியோடு நிற்கும். நாம் அளவீட்டில் தவறு செய்தால் அந்த மெஷினில் ஏறி இறங்கும் ஒவ்வொருவருக்கும் அது போகும், யாராவது கண்டுபிடிக்கும் வரை தினமும் போகும். மெஷின் சத்தம் மாறாது. திரையில் சிவப்பு விளக்கு எரியாது. 1988-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் மெஷினுக்குள் கதிர் தரும் கோபால்ட் மூலத்தை மாற்றியபோது நடந்த அளவுத்திருத்தப் பிழையில் 207 பேருக்கு 25 சதவீதம் கூடுதலாகக் கதிர் போனது. 1996-ல் கோஸ்டாரிக்காவின் சான் ஹோசேயில் நடந்தது இன்னும் எளிய பிழை. 0.3 நிமிடம் என்றால் 18 வினாடி. அதை 30 வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு டோஸ் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது, உயிர்கள் போயின. பத்தாம் வகுப்புக் கணக்கு அது. கூட இன்னொருவர் அதே அளவை எடுத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும்.

கதிர் டோஸை கிரே என்ற அலகில் சொல்கிறோம். உடம்பு முழுவதும் ஒரே சமயத்தில் 4, 5 கிரே விழுந்து, சிகிச்சையும் கிடைக்காவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். அதே கதிரை 70 கிரே வரைக்கும், தினம் 2 கிரேயாக 35 நாள், ஒரு எலுமிச்சை அளவு இடத்தில் கொடுத்துத்தான் தொண்டைப் புற்றை ஆற்றுகிறோம். பக்கத்திலேயே முதுகுத்தண்டு நரம்பு, அது 45, 50 கிரேயைத் தாண்டக் கூடாது. கட்டிக்குப் போதாமல் போவதற்கும் நரம்பைச் சுடுவதற்கும் நடுவில் இருக்கும் இடம் ரொம்பக் குறுகல். சேம்பரின் அளவுத்திருத்தத்தில் கொஞ்சம், சிகிச்சையைக் கணக்கிடும் பிளானிங் மென்பொருளில் கொஞ்சம், நோயாளியைப் படுக்க வைப்பதில் கொஞ்சம் என்று பிழை சேரும். மொத்தமும் 5 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்றால் அவுட்புட்டுக்கு மட்டும் அதில் எவ்வளவு கொடுக்க முடியும்? 1.4 சதவீதம் சின்ன எண்ணாக உனக்குத் தெரிந்தது இனித் தெரியாது என்று நினைக்கிறேன்.

"டாக்டரா, நர்ஸா" விஷயத்துக்கு வருகிறேன். எனக்கும் முப்பது வருஷம் அதே கேள்விதான். ஃபிசிசிஸ்ட் என்றால் ஃபிசிஷியன் என்று காதில் விழுந்து மருந்துச்சீட்டை நீட்டுவார்கள். ஒரு பெரியவர் வந்தார், புகையிலை போட்டுப் போட்டுக் கன்னத்தில் புற்று. சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்க முகமூடி செய்கிற அன்று, சூடான பிளாஸ்டிக் வலையை முகத்தில் இழுத்து அழுத்தும்போது பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "கரண்ட் வைக்கிற அம்மா நீங்கதானா?" என்று கேட்டார். "இல்லைங்க ஐயா, எவ்வளவு வைக்கணும், எங்கே வைக்கணும்னு கணக்குப் பாக்குறவ" என்றேன். "ஓ, கணக்குப்பிள்ளை" என்றார். சிகிச்சை முடியும்வரை தினமும் வாசலில் நின்று "கணக்குப்பிள்ளைம்மா, இன்னிக்குக் கணக்குச் சரியா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். வாய் வெந்து பேச்சு வராமல் போன கடைசி நாட்களில் கையை ஆட்டிக் கேட்பார். அவரிடம் "சரிங்க ஐயா" என்று சொல்வதற்காகவே சில நாள் ஆறு மணிக்கே போய் மறுபடி ஒருமுறை பார்த்திருக்கிறேன். நீ போடும் பிளானுக்கு முதல் நாள் சிகிச்சை நடக்கும்போது கன்சோலில் போய் நில். அந்த ஆளின் முகத்தைப் பார். உன் வேலையில் இது இல்லை என்று யாராவது சொன்னாலும் போ.

இந்த 12 மாதம் ஏன் வேண்டும் என்று கேட்டாய் அல்லவா? அண்ணா பல்கலைக்கழகத்தில் உனக்கு எல்லாம் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் உடம்புக்குள் வைத்துக் கதிர் கொடுக்கும் இரிடியம் மூலத்தை மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றும்போது, கூட நின்று புது மூலத்தின் வலிமையை நீயே அளக்கும்போதுதான் 74 நாள் அரை ஆயுள் என்பது உனக்குள் இறங்கும். கருப்பைவாய்ப் புற்று உள்ள பெண், இரிடியத்தை உள்ளே கொண்டுபோகும் அப்ளிகேட்டர் குழாயோடு படுத்திருக்க, பக்கத்து அறையில் நீ வேகமாகவும் சரியாகவும் பிளான் போட வேண்டியிருக்கும்போது கை நடுங்குமே, அது வகுப்பில் வராது. சுவருக்கு வெளியே கதிர்க் கசிவு பார்க்கும் சர்வே மீட்டரோடு நடப்பது, தன் மேல் படும் கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும் டெக்னீஷியனிடம் முகம் கோணாமல் சொல்லிப் புரியவைப்பது, சிடி ஸ்கேனில் குழந்தைக்கும் பெரியவர் அளவு டோஸ் போகிறதே என்று ரேடியாலஜிஸ்ட்டிடம் போய்ப் பேசுவது, இதெல்லாமும் பயிற்சிதான். அப்புறம் கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலருக்கான ஆர்எஸ்ஓ தேர்வு இருக்கிறது. அதில் தேறி, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் உன்னை அந்தப் பதவிக்கு ஏற்றுக்கொண்டால், அந்த ஆஸ்பத்திரியின் பாதுகாப்புக்கு உன் கையெழுத்துப் பொறுப்பு.

அந்தக் கையெழுத்தோடு ஒரு கஷ்டமும் வரும். இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலைச் சோதனையில் மெஷின் 4 சதவீதம் தள்ளிக் காட்டும். வெளியே நாற்பது பேர் காத்திருப்பார்கள், பாதிப் பேர் விடிகாலை பஸ்ஸில் வந்தவர்கள். "சாயங்காலம் பார்த்துக்கலாம், இப்ப நடத்துங்க" என்று உன்னைவிடப் பெரிய பதவியில் இருப்பவர் சொல்வார். எனக்குச் சொன்னார்கள். எனக்கு அப்போது 29 வயது, நீ என் வயிற்றில். காரணம் தெரியும்வரை மெஷினைத் தர முடியாது என்றேன். குரல் கம்மியது, அழுகை வந்தது, ஆனாலும் தரவில்லை. மத்தியானத்துக்குள் கோளாறு பிடிபட்டது. அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், என் அளவை நான் நம்பினேன். நம்பினதற்குக் காரணம், அதை இரண்டு விதமாக எடுத்துப் பார்த்திருந்தேன். உன் சீனியர் உன்னை நள்ளிரவு வரை நிறுத்தி வைப்பது இதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

நீ சின்ன ஊருக்குத்தான் வேலைக்குப் போக நேரலாம். அங்கே நீ ஒருத்திதான் ஃபிசிசிஸ்டாக இருப்பாய். உன்னைச் சரிபார்க்க ஆள் இருக்காது. அப்போது தபாலில் டோஸ் சரிபார்க்கும் ஏற்பாட்டை விட்டுவிடாதே. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1969-லேயே தொடங்கிய வழி அது. கதிரளவைப் பதிவு செய்யும் சின்னக் குப்பியை உன் மெஷினில் வைத்துக் கதிர் கொடுத்துத் திருப்பி அனுப்பினால், எங்கோ இருக்கும் ஒருவர் உன்னைப் பார்க்காமலே உன் கணக்கைப் பார்த்துச் சொல்வார். உனக்குத் தெரிந்த ஃபிசிசிஸ்ட் யாராவது பக்கத்து ஊரில் இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை அவர் சேம்பரை எடுத்துக்கொண்டு வரச் சொல். சாப்பாடு போட்டு அனுப்பு.

ஐடி வேலையைப் பற்றி. போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. அதுவும் நல்ல வேலைதான், சம்பளம் இதைவிட அதிகம், எனக்குத் தெரியாதா? ஆனால் இன்டர்ன்ஷிப்பை நடுவில் விடாதே. பன்னிரண்டு மாதத்தையும் முடி. தேர்வை எழுது. அதற்கப்புறமும் உனக்கு இது வேண்டாம் என்று தோன்றினால் நானே அப்பாவிடம் பேசுகிறேன். இந்த ஆறு வாரத்தில், அதுவும் ஒரு கெட்ட ராத்திரியை வைத்து முடிவெடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு அளவை எடுத்து ரெஜிஸ்டரில் எழுதப் போனாயே, அதே மாதிரி இருக்கிறது.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், அப்பா வாங்கின கம்பளிச் சட்டை. அடியில் பழைய துண்டில் சுற்றி என் பாரோமீட்டர் இருக்கிறது. அந்தத் திங்கட்கிழமைக்கு அடுத்த மாதம் சம்பளத்தில் வாங்கினது. இத்தனை வருஷமும் என் மேஜையிலேயே இருந்தது. உன் டிபார்ட்மென்டில் இதைவிட நல்லது இருக்கும், இருக்கட்டும், இது உன்னுடையது. குலுங்காமல் எடு. பெங்களூரு 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் 910-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். 1013 காட்டினால் வழியில் யாரோ பின்னால் உள்ள திருகைத் திருப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீயே திருத்தாதே, எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா